ஆறு ஆண்டு மூன்று மாதம்: துருக்கியில் குர்து செயற்பாட்டாளர்கள் மீது வழக்கு கட்டப்படும் விதம்

துருக்கியில் குர்து அரசியல் வழக்குகளின் தீர்ப்புகளைப் புரட்டினால் ஓர் எண் திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: 6 ஆண்டு 3 மாதம். ஆசிரியர், வழக்கறிஞர், நகரசபை உறுப்பினர், பெண்கள் அமைப்புத் தொண்டர், பல்கலைக்கழக மாணவர் என்று ஆள் மாறும். எண் அப்படியே இருக்கும். அது எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்கலாம்.

2005 ஜூனில் நடைமுறைக்கு வந்தது 5237ஆம் எண் தண்டனைச் சட்டம். அதன் 314ஆவது பிரிவு ஆயுத அமைப்புகளைப் பற்றியது; குர்து வழக்குகளில் அந்த அமைப்பு பெரும்பாலும் பிகேகே, அதாவது தடைசெய்யப்பட்ட குர்திஸ்தான் தொழிலாளர் கட்சி. அமைப்பை உருவாக்கினாலோ நடத்தினாலோ 10 முதல் 15 ஆண்டு; வெறும் உறுப்பினர் என்றால் 5 முதல் 10. குறைந்தபட்சமான 5 ஆண்டை எடுத்துக்கொள்வோம். 1991இல் வந்த 3713ஆம் எண் பயங்கரவாத எதிர்ப்புச் சட்டம் தன் 5ஆவது பிரிவில் அதோடு பாதியைக் கூட்டச் சொல்கிறது. ஏழரை ஆண்டு ஆகிறது. பிறகு தண்டனைச் சட்டத்தின் 62ஆவது பிரிவின்படி, நீதிபதி விரும்பினால், ஆறில் ஒரு பங்கு தள்ளுபடி. மிஞ்சுவது 6 ஆண்டு 3 மாதம். உறுப்பினர் என்று தீர்மானித்துவிட்ட நீதிமன்றம் வழக்கமாக இறங்கிவரும் அடிமட்டம் இதுதான். ஒருவர் செய்ததாகச் சொல்லப்படும் காரியம் எவ்வளவு அற்பமானாலும் இந்தக் கணக்கு அதைக் கண்டுகொள்ளாது.

சிறையில் கழிக்க வேண்டிய காலத்துக்கும் தனிக்கணக்கு உண்டு. பயங்கரவாதக் குற்றம் என்றால் தண்டனையில் நான்கில் மூன்று பங்கு உள்ளே இருந்தாக வேண்டும். 75 மாதத்துக்கு அது 4 ஆண்டு 8 மாதமும் ஒரு வாரமும். 2020 ஏப்ரலில், கொரோனாவைக் காட்டிக் கொண்டுவரப்பட்ட 7242ஆம் எண் சட்டம் சாதாரணக் குற்றங்களுக்கான பங்கை மூன்றில் இரண்டிலிருந்து பாதிக்குக் குறைத்துப் பல்லாயிரம் பேரை வெளியே அனுப்பியது. பயங்கரவாதப் பிரிவில் இருந்தவர்களை அது தொடவில்லை. திருடியவர் வீட்டுக்குப் போனார், மேடையில் பேசியவர் உள்ளேயே இருந்தார்.

சரி, இதில் ஆயுதம் எங்கே வருகிறது? பெரும்பாலான கோப்புகளில் வருவதே இல்லை. உறுப்பினர் என்று சொல்ல, துருக்கியின் உச்ச மேல்முறையீட்டு மன்றமான யார்கிட்டாய் மூன்று அளவுகோல்களை வைத்திருக்கிறது: செயல்கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், பலவகையாக இருக்க வேண்டும், செறிவாக இருக்க வேண்டும். காகிதத்தில் பார்த்தால் இது பாதுகாப்பு மாதிரித் தெரியும். ஒரே ஒரு கூட்டத்துக்குப் போனவரை உறுப்பினர் என்று சொல்ல முடியாது அல்லவா. நடைமுறையில் இது காவல்துறைக்கு ஒரு பட்டியலைக் கொடுத்துவிட்டது. நவ்ரோஸ் என்ற வசந்தப் புத்தாண்டு விழாவில் பேச்சு, மார்ச் 8 பேரணி, ஒரு சவ ஊர்வலம், ஒரு பத்திரிகை அறிக்கை, தாய்மொழிக் கல்வி கோரும் கையெழுத்து இயக்கம். ஒவ்வொன்றும் சட்டப்படியானது, பலவற்றுக்கு ஆளுநர் அனுமதியும் இருந்திருக்கும். பதினைந்தை அடுக்கினால் தொடர்ச்சியும் வகையும் செறிவும் வந்துவிடுகின்றன. அதனால்தான் குற்றப்பத்திரிகைகள் அவ்வளவு பருமனாக இருக்கின்றன. குற்றம் மெலிந்திருக்கும் இடத்தில் பக்கங்கள் பெருகும்.

இதன் உச்சம் கேசேகே வழக்குகள்; பிகேகேயின் குடை அமைப்பு என்று அரசு சொன்ன கேசேகேயில் இருந்ததாகப் போடப்பட்டவை. 2009 மார்ச் உள்ளாட்சித் தேர்தலில் குர்து கட்சி தென்கிழக்கில் நன்றாக வென்றது. ஏப்ரல் 14இல் சோதனைகள் தொடங்கின. தென்கிழக்கின் பெரிய குர்து நகரமான தியர்பக்கரில் 2010 அக்டோபரில் ஆரம்பித்த முதன்மை வழக்கில் சுமார் 150 பேர். குற்றப்பத்திரிகை ஏறத்தாழ 7,500 பக்கம். மேயர்கள், கட்சிக்காரர்கள், மனித உரிமைச் சங்கமான இஹாதேயின் துணைத் தலைவர் முஹர்ரெம் எர்பே எல்லோரும் அந்த அலைகளில் அகப்பட்டவர்கள். எர்பே 2009 டிசம்பர் 24இல் பிடிக்கப்பட்டு 2014 ஏப்ரலில்தான் வெளியே வந்தார். தீர்ப்பு வரும் முன்பே நான்கு ஆண்டுக்கு மேல். குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் குர்து மொழியில் பேசியபோது, அது "அறியப்படாத மொழி" என்று நீதிமன்றப் பதிவேட்டில் எழுதப்பட்டது. நாட்டின் பல பத்து லட்சம் பேர் வீட்டில் பேசும் மொழிதான் அது. 2013 ஜனவரியில் சட்டம் திருத்தப்பட்டது: குற்றப்பத்திரிகை வாசிக்கப்பட்ட பின்னும் இறுதி வாதத்தின்போதும் தாய்மொழியில் பேசலாம், மொழிபெயர்ப்பாளர் கூலியைக் குற்றஞ்சாட்டப்பட்டவரே கட்ட வேண்டும்.

உறுப்பினர் என்று நிறுவ முடியாதபோது மாற்று வழிகள் இருந்தன. தண்டனைச் சட்டம் 220ஆவது பிரிவின் 6ஆவது உட்பிரிவு, "உறுப்பினர் அல்லாதபோதும் அமைப்பின் பெயரால்" குற்றம் செய்தவரை உறுப்பினர் போலவே தண்டிக்க வழி செய்தது. தியர்பக்கரில் 2006 மார்ச்சில் நடந்த ஒரு சவ ஊர்வலத்தில் இரு விரலை உயர்த்தி வெற்றிச் சின்னம் காட்டியதற்கும், 2007இல் திஜ்லே பல்கலைக்கழக ஆர்ப்பாட்டம் ஒன்றில் கைதட்டியதற்கும் ஒரு மாணவருக்கு இந்த வழியில் கிடைத்ததும் அதே 6 ஆண்டு 3 மாதம்தான். ஸ்ட்ராஸ்பூர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2017 நவம்பரில் இதை உரிமை மீறல் என்றது. காரணம் கவனிக்கத்தக்கது: அமைப்புக்காக ஆயுதம் ஏந்தியவருக்கும் கூட்டத்தில் நின்றவருக்கும் இடையே அந்தப் பிரிவு எந்த வித்தியாசமும் வைக்கவில்லை, அதனால் எது குற்றம் என்று ஒருவர் முன்கூட்டி அறிய முடியாது. துருக்கியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2023இல் அந்த உட்பிரிவை ரத்து செய்தது. நாடாளுமன்றம் 2024 மார்ச்சில் கிட்டத்தட்ட அதையே திரும்ப எழுதியது. நீதிமன்றம் அதையும் ரத்து செய்தது. இந்த இழுபறியைப் பார்ப்பவர்கள், ஒரு பிரிவு போனால் வழக்கு போய்விடும் என்று நினைக்க வேண்டாம். பயங்கரவாத எதிர்ப்புச் சட்டம் 7ஆவது பிரிவின் பிரச்சாரக் குற்றம் (1 முதல் 5 ஆண்டு), உதவி செய்த குற்றம் என்று அலமாரியில் வேறு தட்டுகள் இருக்கின்றன.

இனி, கைதாகும் நாளுக்கு வருவோம். இரவில் வீட்டைச் சோதிக்கச் சட்டத்தில் கட்டுப்பாடு உண்டு என்பதால் பெரும்பாலும் கதவு விடியற்காலையில் தட்டப்படும், அல்லது உடைக்கப்படும். அரசு வழக்கறிஞர் நேரில் இல்லாமல் வீட்டைச் சோதித்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டம் 119ஆவது பிரிவுப்படி அண்டைவீட்டாரிலிருந்தோ ஊர்ப் பெரியவர்களிலிருந்தோ இருவர் உடனிருக்க வேண்டும். கணினி, கைப்பேசி எடுக்கப்பட்டால் 134ஆவது பிரிவுப்படி அதன் முழுப் பிரதி எடுத்து ஒன்றைச் சந்தேக நபருக்கோ அவருடைய வழக்கறிஞருக்கோ கொடுக்க வேண்டும். இந்த இரண்டிலும்தான் அதிகம் தவறு நடக்கிறது. வீடு முழுக்கக் கலைத்த பிறகு சாட்சிகளைக் கையெழுத்துக்கு மட்டும் அழைப்பார்கள். பிரதி எடுக்காமல் கருவியை மூட்டைகட்டிக்கொண்டு போய்விடுவார்கள். மாதங்கள் கழித்துத் தடைசெய்யப்பட்ட இதழின் கோப்பு ஒன்று அதிலிருந்து "கண்டெடுக்கப்படும்". நல்ல வழக்கறிஞர் முதலில் கேட்பது சோதனைப் பதிவேட்டைத்தான்: எத்தனை மணிக்குத் தொடங்கியது, யார் யார் கையெழுத்து, எந்தக் கருவி, என்ன வரிசை எண். அன்றைக்கே அதில் ஆட்சேபத்தை எழுதாவிட்டால் பின்னால் எழுப்புவது கடினம்.

காவலில் வைக்கும் காலம்: அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு சொல்வது 48 மணி நேரம், கூட்டுக் குற்றம் என்றால் 4 நாள். 2016 ஜூலை நெருக்கடி நிலையில் அது 30 நாளானது. 2017 ஜனவரியில் 7 நாளும் நீட்டிப்பாக இன்னொரு 7 நாளும் என்று குறைந்தது. நெருக்கடி நிலை முடிந்ததும் 2018 ஜூலையில் 7145ஆம் எண் சட்டம், கூட்டுக் குற்றத்தில் 4 நாளை இருமுறை நீட்டித்து 12 நாள் வரை கொண்டுபோக இடைக்கால விதி ஒன்றைப் போட்டது; அது 2022 ஜூலையில் காலாவதியானது. மூன்று பேரைச் சேர்த்துப் பிடித்தாலே "கூட்டு" ஆகிவிடும்.

இதில் முதல் 24 மணி நேரம்தான் மிக ஆபத்தானது. பயங்கரவாத வழக்கில் அந்த நேரத்துக்கு வழக்கறிஞரைப் பார்க்க விடாமல் தடுக்க அரசு வழக்கறிஞர் நீதிபதியிடம் உத்தரவு வாங்கலாம். அந்த வேளையில் வாக்குமூலம் எடுக்கக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. அதனால் வாக்குமூலம் என்ற பெயரில் எடுப்பதில்லை. "சும்மா பேசலாம்" என்று ஓர் அறைக்கு அழைப்பார்கள். பதிவு இல்லை, கையெழுத்து இல்லை. குடும்பத்தைப் பற்றிய மிரட்டல், ஆள்காட்டியாக வேலை செய்ய அழைப்பு, வேலை வாங்கித் தரும் உறுதி எல்லாம் அங்கேதான் நடக்கின்றன. வழக்கறிஞர் இல்லாமல் காவல்துறையிடம் சொன்னதை நீதிபதி முன்னால் ஒப்புக்கொள்ளாவிட்டால் அது தீர்ப்புக்கு அடிப்படையாகாது என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 148ஆவது பிரிவு. ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றம் 2008இல் சால்துஸ் வழக்கில் வலியுறுத்தியதும் இதே உரிமைதான். அதுவும் துருக்கியிலிருந்து போன வழக்கே. ஆகவே பேசாமல் இருக்கும் உரிமையைப் பயன்படுத்துவதும், பதிவில்லாத பேச்சு நடந்ததை அடுத்த வாக்குமூலத்தின் முதல் வரியிலேயே எழுதச் செய்வதும் வழக்கறிஞர்கள் விடாமல் சொல்லும் இரண்டு விஷயங்கள்.

அடி, அவமதிப்பு, ஆடை களைந்து சோதனை என்பவை நிரூபணமாவது மருத்துவ அறிக்கையில்தான். காவலில் வைக்கும்போதும் வெளியே அனுப்பும்போதும் மருத்துவப் பரிசோதனை கட்டாயம். இடம் மாற்றினாலோ காவலை நீட்டித்தாலோ மறுபடியும். 1999இல் உருவாகி 2022இல் புதுப்பிக்கப்பட்ட இஸ்தான்புல் நெறிமுறை இதற்கான உலக அளவுகோல். துருக்கி மருத்துவர்கள் அதை உருவாக்குவதில் முன்னின்றார்கள் என்பது இந்தக் கதையின் கசப்பான பகுதி. நெறிமுறை கேட்பது: காவலர் அறையில் இல்லாமல் தனிமை, கைவிலங்கு கழற்றல், முழு உடல் பரிசோதனை, காயத்தின் நீளம், நிறம், இடத்தை உடல்வரைபடத்தில் குறித்தல், அளவுகோல் வைத்துப் புகைப்படம், மனநிலை மதிப்பீடு, கடைசியாகக் காயமும் அவர் சொல்வதும் எந்த அளவுக்குப் பொருந்துகின்றன என்ற கருத்து. நடப்பது: காவலர் கதவருகில் நிற்க, "ஏதும் உண்டா?" என்ற கேள்வி, "அடி காய அடையாளம் இல்லை" என்ற ஒற்றை வரி. கன்றிப்போன தழும்பு சில நாளில் மறைந்துவிடும். காவலை நாள்கணக்கில் இழுப்பதன் இன்னொரு பயன் அது.

2020 ஜூன் 26 அன்று தியர்பக்கரில் வான் மாகாணத்து எத்ரெமித்தின் முன்னாள் மேயர் செவில் ரோஜ்பின் செத்தின் வீட்டுக்குள் காவலர்கள் நாய்களோடு நுழைந்தார்கள். கால்களில் நாய்க்கடிக் காயங்களின் புகைப்படங்களை வழக்கறிஞர்கள் வெளியே கொண்டுவந்ததால்தான் அது உலகுக்குத் தெரிந்தது. படமில்லாத சம்பவங்கள் எத்தனை என்று யாரும் எண்ண முடியாது.

முறையிட்டால் என்ன ஆகும்? தண்டனைச் சட்டம் 94ஆவது பிரிவில் சித்திரவதைக்கு 3 முதல் 12 ஆண்டு. 2013 முதல் அதற்குக் காலவரம்பே கிடையாது. அதனால் அரசு வழக்கறிஞர்கள் அந்தப் பிரிவைத் தொடத் தயங்குகிறார்கள். சாதாரணக் காயம், அளவுமீறிய பலப்பிரயோகம் என்ற சின்னப் பிரிவுகளில் போட்டால் காலவரம்பும் ஒத்திவைப்பும் காவலருக்குக் கைகொடுக்கும். கூடவே முறையிட்டவர் மீது 265ஆவது பிரிவில் "கடமையைச் செய்யவிடாமல் எதிர்த்தார்" என்று எதிர்வழக்கு வரும். பெரும்பாலும் இரண்டாவது வழக்குதான் வேகமாக நகரும்.

பிறகு சிறையில் விசாரணைக் காவல். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 100ஆவது பிரிவில் ஒரு குற்றப்பட்டியல் உண்டு. 314 அதில் இருப்பதால் தப்பி ஓடுவார், ஆதாரத்தை அழிப்பார் என்று தனியாகக் காட்ட வேண்டிய சுமை அரசுத் தரப்புக்குக் குறைந்துவிடுகிறது. 30 நாளுக்கு ஒருமுறை மறுபரிசீலனை கட்டாயம். உத்தரவுகளைப் பார்த்தால் ஒரே பத்தி வெட்டி ஒட்டியிருப்பது தெரியும். பயங்கரவாத வழக்கில் இந்தக் காவல் 7 ஆண்டு வரை நீளலாம்.

விடுதலை உத்தரவு வந்தாலும் வெளியே விடாமல் இருக்க ஒரு வழி உண்டு. அதைப் புரிந்துகொள்ள, குர்து ஆதரவு மக்கள் ஜனநாயகக் கட்சியான ஹெதேபேயின் முன்னாள் இணைத் தலைவர் செலாஹத்தின் தெமிர்தாஷின் தேதிகளை வரிசையாகப் பார்த்தால் போதும். 2016 மே 20: நாடாளுமன்ற உறுப்பினர்களின் சட்டப் பாதுகாப்பை நீக்கும் திருத்தம். நவம்பர் 4: அவரும் இன்னொரு இணைத் தலைவர் ஃபிகென் யூக்செக்தாவும் கைது. 2018 நவம்பர் 20: விடுவிக்க வேண்டும் என்கிறது ஸ்ட்ராஸ்பூர்க். இரண்டே வாரத்தில், டிசம்பர் 4: 2013 நவ்ரோஸ் பேச்சுக்கான 4 ஆண்டு 8 மாதத் தண்டனையை மேல்முறையீட்டு மன்றம் உறுதிசெய்கிறது, இனி அவர் விசாரணைக் கைதி அல்ல, தண்டனைக் கைதி. 2019 செப்டம்பர் 2: முதன்மை வழக்கில் விடுதலை உத்தரவு. செப்டம்பர் 18: ஸ்ட்ராஸ்பூர்க்கின் மிக உயர்ந்த அமர்வான பேரவை அமர்வில் வாதம். செப்டம்பர் 20: முதன்மை வழக்கிலும் இருந்த அதே 2014 அக்டோபர் கொபானி போராட்டங்களுக்காக (ஐஎஸ் முற்றுகையிட்ட சிரியக் குர்து நகரான கொபானிக்காக நடந்தவை), பிரிவை மட்டும் மாற்றி, மறுபடி காவல். 2020 டிசம்பர் 22: பேரவை அமர்வு, பன்மை அரசியலை முடக்கும் உள்நோக்கம் இருந்தது என்று சொல்லி உடனே விடுவிக்கச் சொல்கிறது. 2021 ஏப்ரல்: சிஞ்சான் சிறை வளாகத்தில் 108 பேர் மீதான கொபானி வழக்கு தொடங்குகிறது. 2024 மே 16: தெமிர்தாஷுக்கு 42 ஆண்டு, யூக்செக்தாவுக்கு 30 ஆண்டு 3 மாதம். மரணங்களுக்குப் பொறுப்பு என்ற கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்துவிட்டுத்தான் இவ்வளவும். 2025 ஜூலையில் ஸ்ட்ராஸ்பூர்க் மீண்டும் ஒரு மீறல் தீர்ப்பு.

பெரிய தலைவருக்கு நடந்தது என்பதால் இது விதிவிலக்கு என்று எண்ண வேண்டாம். ஒரே சம்பவத்தை இரு கோப்பாகப் பிரித்து ஒன்றைக் கையிருப்பில் வைப்பது கீழ்மட்ட வழக்குகளிலும் நடக்கிறது. ரகசிய சாட்சிதான் இதற்கு நல்ல கருவி. சாட்சிப் பாதுகாப்புச் சட்டம் 5726, ரகசிய சாட்சியை மட்டும் வைத்துத் தண்டிக்கக் கூடாது என்கிறது. ஆகவே ஒரு ரகசிய சாட்சியோடு ஒரு பேரணிப் புகைப்படத்தைச் சேர்ப்பார்கள். ஒரே சாட்சி வெவ்வேறு நகர வழக்குகளில் நூற்றுக்கணக்கானவரை அடையாளம் காட்டுகிறாரா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதே குற்றஞ்சாட்டப்பட்டவர் தரப்பின் முதன்மை வேலை.

2016 செப்டம்பரின் 674ஆம் எண் ஆணைக்குப் பிறகு வழக்குக்கு இன்னொரு பயன் வந்தது: மேயர் மீது பயங்கரவாத விசாரணை தொடங்கினாலே உள்துறை அமைச்சு அவரை நீக்கி அரசு அதிகாரி ஒருவரை அந்த நாற்காலியில் உட்காரவைக்கலாம். 2019 ஆகஸ்ட் 19 அன்று தியர்பக்கர், மார்தின், வான் மூன்றும் ஒரே நாளில் இப்படிப் போயின. ஆணும் பெண்ணும் சேர்ந்து பதவி வகிக்கும் இணை மேயர் முறையையே குற்றத்துக்கு அடையாளமாக எழுதினார்கள்.

சிறைக்குள் தண்டனை வேறு உருவம் எடுக்கும். தெமிர்தாஷ் வைக்கப்பட்டது கிரேக்க எல்லையோரத்து எதிர்னேயில். தியர்பக்கரிலிருந்து ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சந்திப்புக்குக் குடும்பம் நாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக வேண்டும். நீதிமன்றத்துக்கு நேரில் கொண்டுபோகாமல் செக்பிஸ் என்ற காணொளி அமைப்பில் உட்காரவைப்பதும் வழக்கம். வழக்கறிஞர் நீதிமன்றத்தில், குற்றஞ்சாட்டப்பட்டவர் திரையில், காதோடு ஒரு வார்த்தை பேச வழியில்லை.

2021 ஜனவரி முதல் நிர்வாக, கண்காணிப்புக் குழுக்கள் புதிய அதிகாரத்தோடு இயங்குகின்றன. நான்கில் மூன்று பங்கு முடித்தவரை அழைத்து "வருத்தப்படுகிறாயா?" என்று கேட்பார்கள். செய்யாததற்கு வருந்த மாட்டேன் என்றால் மூன்று மாதம், ஆறு மாதம் என்று விடுதலை தள்ளிப்போகும். தண்ணீர் அதிகம் செலவழித்தார், நூலகத்தில் நூல் எடுக்கவில்லை என்பவைகூடக் காரணமாக எழுதப்பட்டதை உரிமை அமைப்புகள் பதிவுசெய்திருக்கின்றன. உண்ணாவிரதம் இருந்தால் ஒழுங்கு நடவடிக்கை. அதுவும் இதே குழுவின் மேசைக்கு வரும்.

நோயாளிகள் நிலை இதைவிட மோசம். சிறையில் தனியாக வாழ முடியாதவரின் தண்டனையை ஒத்திவைக்க 5275ஆம் எண் சட்டத்தின் 16ஆவது பிரிவு இடம் தருகிறது. ஆனால் "சமூகத்துக்கு ஆபத்தில்லை" என்ற நிபந்தனையும், தடய மருத்துவ நிறுவனத்தின் ஒப்புதலும் வேண்டும். முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் அய்செல் துலுக் நினைவுமறதி நோயால் சிறையில் இருக்க முடியாதவர் என்று கோஜாயெலி பல்கலைக்கழக மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். தடய மருத்துவ நிறுவனம் இருக்கலாம் என்றது. 2022 அக்டோபர் 27 அன்றுதான் வெளியே வந்தார்.

வழக்கறிஞர்கள் கவனிக்கும் காலக்கெடுக்கள் இரண்டு. உள்நாட்டு வழிகள் முடிந்த 30 நாளுக்குள் அரசியலமைப்பு நீதிமன்றத்தில் தனிமனு. அதன் தீர்ப்பிலிருந்து 4 மாதத்துக்குள் ஸ்ட்ராஸ்பூர்க். 2022 பிப்ரவரி வரை அது 6 மாதமாக இருந்தது, பழைய நினைவில் தவறவிடுகிறவர்கள் உண்டு. ஒவ்வொரு கட்டத்திலும் சொல்லாத புகாரை அடுத்த கட்டத்தில் புதிதாகச் சொல்ல முடியாது. காவல் சட்டவிரோதம் என்று மட்டும் எழுதிவிட்டு உள்நோக்கம் பற்றிய வாதத்தை விட்டால், அது பிறகு கிடைக்காது. தீர்ப்பு வந்த பின் அதை நிறைவேற்றுகிறார்களா என்று கண்காணிப்பது ஐரோப்பிய கவுன்சிலின் அமைச்சர்கள் குழு; அதன் 9ஆவது விதிப்படி உரிமை அமைப்புகளும் எழுத்தில் தகவல் அனுப்பலாம்.

செய்தியைப் பகிர்கிறவர்கள் பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். காவல்நிலையக் காவலா, நீதிபதி உத்தரவிட்ட சிறைக் காவலா, தண்டனையா என்று முதலில் பிரித்தறியுங்கள். மூன்றுக்கும் காலக்கெடு வேறு. எந்தப் பிரிவு என்று தேடுங்கள்: 314/2 என்றால் என்ன எண் வரும் என்று இப்போது உங்களுக்கே தெரியும். குற்றம் நடந்ததாகச் சொல்லும் தேதியையும் கைதான தேதியையும் அருகருகே வையுங்கள். ஆறேழு ஆண்டு இடைவெளி இருந்தால் நடுவில் எந்தத் தேர்தல் நடந்தது என்று பாருங்கள். கைதியின் குடும்பமோ வழக்கறிஞரோ வெளியிடாத காயப் புகைப்படத்தையும் மருத்துவத் தாளையும் நீங்கள் வெளியிடாதீர்கள். அவை முறையீட்டோடு போக வேண்டியவை. முன்கூட்டி வெளியானால் எதிர்த்தரப்பு அதற்கேற்பத் தன் பதிவேட்டை எழுதிக்கொள்ளும்.